வாத்து எந்தப் பக்கம் பார்க்கிறது

எங்கள் தீப்பெட்டியின் மேல் இருப்பது ஒரு வாத்து. வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, நீலத் தண்ணீர், தண்ணீருக்குள் அதன் நிழல். ஓரத்தில் சுற்றிலும் பச்சைக் கொடி. கீழே பேரும் ஊரும் இன்னும் என்னென்னவோ எழுத்துகளும் உண்டு. எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தீப்பெட்டி வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் எங்கள் ஆபீஸில் அடுத்தவர் லேபிளுக்குத்தான் பெட்டி போட்டுக் கொடுத்தோம். அவர் போன பிறகு, ஆபீஸை மூடிவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு மகள் வீட்டில் போய் உட்காரச் சொல்லி உறவில் பலபேர் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. எனக்கென்று ஒரு லேபிள் போட்டேன்.

ஏன் வாத்து என்று கேட்பார்கள். கலியாணமான புதிதில் ஆற்றுப் பக்கத்து ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனோம். வழியில் ஒரு பெரிய வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. பஸ் நின்றது. எதிரே வந்த லாரியும் நின்றது. அவை அவசரப்படவே இல்லை. எல்லாரையும் காக்கவைத்துவிட்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு தம்போக்கில் நடந்து போயின. அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. மனதில் கிடந்தது, லேபிள் என்றதும் வந்துவிட்டது.

அப்போது கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் வைத்துக் கலியாணப் பத்திரிகையும் லேபிளும் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. நான் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன படம்க்கா வேணும்?”

“வாத்து.”

“வாத்தா? மயிலு போடுவோம்க்கா. எடுப்பா இருக்கும்.”

“மயிலு எல்லா ஆபீஸ்லயும் ஆடுது. எனக்கு வாத்து போடுங்க.”

வாத்தை நன்றாகவே வரைந்தார். இடது பக்கம் பார்த்து, கழுத்தை நிமிர்த்தி. கால் வேண்டாம், தண்ணீரில் வைத்துவிடலாம் என்றார். நீலத்தைப் போட்டார். அது வெறும் நீலப் பலகை மாதிரி இருந்தது.

“தண்ணி மாதிரி இல்லையே அண்ணாச்சி.”

“பொறுங்க. நிழலு விழுந்தாத் தண்ணி ஆயிரும்.”

எதையோ அமுக்கினார். ஒரு வாத்து இரண்டு வாத்தானது. இரண்டாவதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக வைத்து, நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவைத்து, மேலே இருந்த வாத்தின் அடியில் ஒட்டினார். அலையலையாக நாலு கோடு போட்டார். தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. வேறு ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை.

என் சரக்கு போகிறது வடகிழக்கே, ஆறும் மழையுமாகக் கிடக்கிற ஊர்களுக்கு. நமத்துப் போகாத குச்சி வேண்டும் என்பார்கள், கொடுப்போம். அங்கே கொண்டுபோய் விற்றுத் தருகிற ஏஜென்ட் தம்பி எங்கள் ஊர்க்காரர். பாதி நாள் அங்கே இருப்பார், பாதி நாள் இங்கே. அங்கத்துப் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர்கள் சொல்வது எனக்கும், நான் சொல்வது அவர்களுக்கும் இந்தத் தம்பி வாய்வழியாகத்தான் போய்வரும். “வாத்து நல்லாப் போகுதுக்கா” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். போயிற்று. நாலு பெண்கள் வேலை பார்த்த இடத்தில் கொட்டகை நிறையப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

ஆபீஸ் வேலையில் பாதியை இப்போது மகள் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் முழுக்க அவளுடையது. போன வருஷம் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஒரு புது லேப்டாப் வாங்கினாள். அதற்குள் இருக்கிற பிராசசர் புது விதமானது, சூடே ஆகாது, சத்தமே வராது, காலையில் சார்ஜ் போட்டால் பொழுது சாயும்வரை நிற்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். மெய்தான். மடியில் வைத்தால் இருக்கிறதே தெரியாது.

அது வந்த கொஞ்ச நாளில், எங்கள் பெட்டி அட்டை அடிக்கிற பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. பெட்டி வெட்டுகிற அளவு மாறிவிட்டது, பழைய பிலிமையெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று, இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட்டுக்குப் போகிறது, அதனால் லேபிள் பைலை அனுப்புங்கள் என்றார்கள்.

பைல் ஒரு சிடியில் இருந்தது. சிடி சாமி அலமாரியில் இருந்தது. அண்ணாச்சி அதை என் கையில் கொடுத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எடுத்து, துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப உறையில் போட்டுவிடுவேன்.

மகள் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“எம்மா, சிடிக்கு யாராவது குங்குமம் வைப்பாகளா?”

“தராசுக்கு வைக்கோம், மிஷினுக்கு வைக்கோம். இதுக்கு மட்டும் என்னட்டி?”

“சரி, எழுதியிருக்க பக்கமா வச்சிருக்கலாம்லா? கம்ப்யூட்டரு படிக்க பக்கமாப் பாத்து வச்சிருக்கீங்க.”

“பளபளன்னு இருக்க பக்கந்தான முகம்? முகத்துலதான் பொட்டு வைப்பாக.”

ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தாள். லேப்டாப்பில் சிடி போட வாய் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு தட்டை இரவல் வாங்கி வந்தாள். சிடி சுற்றியது. பைல் இருப்பது தெரிந்தது, திறக்கவில்லை. அந்தப் படத்தை வரைந்த சாப்ட்வேரை ஏற்றினால்தான் திறக்கும் என்றாள். சாப்ட்வேரையும் அண்ணாச்சி அதே சிடியில் போட்டுத்தான் கொடுத்திருந்தார். ஏற்றிப் பார்த்தாள். ஏறவில்லை.

லேப்டாப் விற்ற கடைக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. எனக்கும் புரிகிறாற்போலச் சொன்னார்.

“ஆச்சி, அந்தச் சாப்ட்வேரு பழைய பிராசசருக்குன்னு எழுதினது. இதுல இருக்கது வேற வகை. அது பேசுத பாஷை இதுக்குப் புரியாது.”

“நடுவுல இருந்து எடுத்துச் சொல்ல ஆளு கிடையாதா?”

அவர் சிரித்தார். “கரெக்டா கேட்டுட்டீங்க. அதுக்குன்னே ஒரு சாப்ட்வேரு இருக்கு. அது சொல்லுதத வாங்கி இதுக்குப் புரிய மாதிரி சொல்லும். போட்டுப் பாப்போம்.”

போட்டார். நடுவாள் வந்ததும் பழைய சாப்ட்வேர் எழுந்துகொண்டது. வெள்ளைத் தாளைக் காட்டியது. கோடு போடச் சொன்னால் போட்டது. வாத்தைத் திற என்றதும் மொத்தமாக மூடிக்கொண்டது. எத்தனை தடவை திறந்தாலும் அதே கதைதான். அந்தச் சாப்ட்வேர் செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். மற்றக் கம்பெனிச் சாப்ட்வேர்கள் அதன் பைலைப் படிப்பதில்லையாம். நடுவாள் சின்னச் சின்னச் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறது, சிக்கலான இடம் வந்தால் விட்டுவிடுகிறது என்று அவர் சொன்னார். எனக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை.

மகள், “விடுங்கம்மா, நானே வரைஞ்சிருதேன்” என்றாள்.

பழைய பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுச் சாப்ட்வேரில் வரைந்தாள். எனக்கும் காட்டிக் காட்டித்தான் செய்தாள். வாத்து அதே வாத்து. இறகில் மட்டும் இன்னும் நாலு கோடு சேர்த்தாள். அந்தச் சாப்ட்வேரில் நிழலைத் தனியாக வரைய வேண்டியதே இல்லை. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று காட்டினால், அதுவே வாத்தைப் பார்த்து நிழலைப் போட்டுக்கொள்கிறது. அலை அடிக்கிற இடத்தில் நிழலும் நெளிந்தது. கையை விட்டால் நனையும் போல இருந்தது. பிரஸ்காரரும் பழையதைவிட இது எவ்வளவோ மேல் என்றார். நான் சரி சொன்னேன். முதல் அட்டைக்குச் சந்தனம் வைத்தேன். ஒரு லோடு போயிற்று.

லோடு போய்ச் சேர்ந்த அன்று காலையில் ஏஜென்ட் தம்பி அங்கிருந்து கூப்பிட்டார். நான் ஆபீஸில் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா, சரக்க எடுக்க மாட்டேங்காங்க.”

“ஏன்? குச்சி நமத்துப் போச்சா?”

“குச்சி நல்லாத்தான் இருக்கு. பெட்டி போலிங்காங்க.”

“எது போலி? என் வாத்தா?”

“வாத்து ஒழுங்கா இருக்காம்க்கா” என்று இழுத்தார்.

“ஒழுங்கா இல்லாம?”

“கோவிச்சுக்கிடாதீங்க. நம்ம வாத்துக்கு அங்கன ஒரு பேரு உண்டு. அவங்க பாஷையில சொல்லுவாங்க. நம்ம பேச்சுல சொன்னா, கிறுக்கு வாத்துன்னு வரும்.”

அவரே மெல்ல மெல்லச் சொன்னார். வாத்து இடது பக்கம் பார்க்கிறது. தண்ணீரில் அதன் நிழல் வலது பக்கம் பார்க்கிறது. அப்படி எந்தத் தண்ணீரிலும் விழாதாம். வாத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நிழலும் பார்க்குமாம். அவர்கள் வீட்டு வாசலில் குளம், குளத்தில் வாத்து. முதல் பெட்டி போன அன்றே கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறார்கள். குச்சி நன்றாக எரியவும் மறுபடியும் அதையே கேட்டிருக்கிறார்கள். கிறுக்கு வாத்து கொடு என்று கேட்டால்தான் கடையில் எடுத்துக் கொடுப்பார்களாம். எங்கள் லேபிளைப் பார்த்துக் கள்ளத்தனமாக அடிக்கிறவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் நிழலைச் சரியாகப் போட்டுவிடுவார்களாம். அதனால் கடைக்காரர்கள் பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் நிழலைத்தான் பார்ப்பார்கள். சரியாக விழுந்திருந்தால் போலி.

“இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே தம்பி.”

“நீங்க ஆசையாப் போட்ட படம். அதப் போயி கிறுக்குன்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்? வாத்து நல்லாப் போகுதுன்னேன். அது பொய் இல்லல்லா?”

பொய் இல்லைதான்.

போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள், அவளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். சாமி அறையில் குத்துவிளக்கின் மேல் அன்னப்பறவை ஒன்று உண்டு, திருகினால் கையோடு வரும். அதைக் கழற்றினேன். பொட்டு வைக்கிற கண்ணாடியைத் தரையில் படுக்கப்போட்டு அதன் மேல் நிற்கவைத்தேன். பித்தளை அன்னம் இடது பக்கம் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்ததும் இடது பக்கம்தான் பார்த்தது. திருப்பி வைத்தேன். இரண்டும் வலது பக்கம் பார்த்தன. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்களும் பாக்கல, நானும் பாக்கலம்மா” என்றாள் மகள். “நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் பாக்கலையே.”

யார் பார்ப்பார்கள்? எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கிற நாளை விரல் விட்டு எண்ணலாம். நின்றாலும் மண்ணைக் கரைத்தாற்போல இருக்கும், அதில் நிழல் எங்கே விழ? ஆட்டுக்கு எத்தனை பல், பருத்தியில் எத்தனை வகைப் புழு என்று கேட்டால் எங்கள் பெண்கள் சொல்வார்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. போன லோடு அங்கே குடோனில் நின்றது. அடுத்த லோடுக்குக் குச்சி தயாராகக் கொட்டகையில் இருந்தது. எந்தப் பெட்டியில் அடைக்க? வேலை இல்லை என்று நாலு நாள் சொன்னால், ஐந்தாம் நாள் பெண்கள் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாத்து பழையபடி போகாவிட்டால் நான் மறுபடியும் அடுத்தவர் லேபிளுக்குத்தான் பெட்டி போட வேண்டும். எனக்கு அது மட்டும் ஆகாது.

மகள் உடனே உட்கார்ந்து நிழலை வலது பக்கம் பார்க்கத் திருப்பினாள். போட்டோ எடுத்து அனுப்பினோம். தம்பி கடைகளில் காட்டிவிட்டுக் கூப்பிட்டார்.

“பழசயும் இதயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காங்கக்கா. கொடி மெலிசா இருக்குங்காங்க. மஞ்சள் வேற மஞ்சளுங்காங்க. அலை ஒண்ணு கூட இருக்காம்.”

ஒரு தடவை சந்தேகம் வந்த கண் எல்லாவற்றையும் பார்க்கிறது. பழைய பெட்டியை அப்படியே ஸ்கேன் செய்து அடிக்கலாமா என்று பிரஸ்ஸில் கேட்டோம். அச்சடித்த படம் முழுக்கப் புள்ளிதான், அதை மறுபடி புள்ளியாக்கினால் சல்லடை மேல் சல்லடை வைத்தாற்போல ஆகிவிடும் என்றார்கள். அடித்தும் காட்டினார்கள். வாத்துக்கு அம்மை போட்டாற்போல இருந்தது.

அந்த அண்ணாச்சி எப்போதோ கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரத்தில் பசுவந்தனையில் உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். நானும் மகளும் துட்டி கேட்கப் போனோம். ஊருக்குள் நுழைகிற சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. பெரியவர் கழுத்தில் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கொடி ஓடியது. எனக்குக் கால் நின்றுவிட்டது.

“என்னம்மா, மயக்கமா வருதா?”

“ஏட்டி, இது நம்ம பெட்டிக் கொடி.”

பையிலிருந்த பழைய பெட்டியை எடுத்துப் போஸ்டரில் வைத்துப் பார்த்தாள். அதே கொடிதான். இலைக்கு இலை, சுருளுக்குச் சுருள். என் பெட்டியில் பச்சை, பெரியவருக்குக் கறுப்பு. அடியில் பொடி எழுத்தில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. மகள் படித்தாள். எட்டயபுரம்.

மறுநாள் போனோம். வீட்டு முன்னறைதான் கடை. அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், “வாத்துக்கார அக்கால்லா?” என்றார். காபி வந்தது.

மேசையில் டிவிப் பெட்டி மாதிரி முதுகு தள்ளிய பழைய கம்ப்யூட்டர். மேலே துண்டு போர்த்தியிருந்தது. துண்டை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். மாவு மில் மாதிரிச் சத்தம்.

“இன்னும் இதையா அண்ணாச்சி வச்சிருக்கீங்க?” என்றாள் மகள்.

“இதுக்கு நான் நெட்டே குடுக்கதில்ல. நெட்டு குடுத்தா அப்டேட் கேக்கும். அப்டேட் குடுத்தா சாப்ட்வேரு ஓடாது.”

“புதுசு ஒண்ணு வாங்கலாம்லா?”

“செத்தவுகளுக்கு எதுக்கும்மா புது மாடலு?”

சிடியைப் போட்டார். திறந்தது. எந்த நடுவாளும் வேண்டியிருக்கவில்லை. முதலில் கொடி வந்தது, பிறகு நீலம், பிறகு அலை, கடைசியில் வாத்து, அதன் கீழே நிழல். அவசரம் இல்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்து பெருமையாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்கேன், என்ன?”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“அண்ணாச்சி, நீங்க வாத்து தண்ணியில நீந்திப் பாத்திருக்கீங்களா?”

“ஏன்க்கா?”

“பாத்திருக்கீங்களா, இல்லையா?”

“நம்மூர்ல கொக்கு நிக்கவே தண்ணி இல்ல. வாத்த நான் எங்கன போயிப் பாக்க? முட்டை பாத்திருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், “நீங்க?”

“நான் ரோட்டுல பாத்திருக்கேன்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தவும் இல்லை. அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கிறுக்கு வாத்து என்ற பெயரையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே திரையில் இருந்த வாத்தைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கையைத் தண்ணீர் மாதிரி விரித்து, மறுகையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

“குப்புறக் கவுத்திப் போடணும்” என்றார் மெதுவாக. “நான் சுத்திப் போட்டுட்டேன்.”

“ஆமா.”

“ஒரு நிமிசம்க்கா. ஒரே அமுக்குதான்.” கை மவுஸுக்குப் போனது.

“கைய எடுங்க அண்ணாச்சி.”

“தப்புல்லா அக்கா?”

“தப்புதான். கைய எடுங்க.”

அவருக்கு மனசே இல்லை. மவுஸை விட்டுவிட்டார், ஆனால் கண் அங்கேயே இருந்தது. “தெரியாமப் போட்டது வேற. தெரிஞ்ச பெறகு எப்படிக்கா என் கையால அனுப்ப? கலியாணத்துக்கு, காதுகுத்துக்குன்னு எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். எம் பேரு என்னத்துக்கு ஆகும்?”

“உங்க பேரு பெட்டியில எங்கன இருக்கு? எம் பேருல்லா இருக்கு. கிறுக்குன்னு என்னைத்தான் சொல்லுதாங்க. நானே சும்மா இருக்கேன்.”

மகள் சொன்னாள், “அங்க உள்ளவங்க அதப் பாத்துத்தான் வாங்குதாங்க அண்ணாச்சி. நீங்க சரி பண்ணினா எங்க சரக்கு திரும்பி வரும்.”

அவர் என்னைப் பார்த்தார். காபியைக் குடித்து முடித்தார். பிறகு, சாமி கும்பிடுகிறவர் மாதிரி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டு, வாத்தைத் தொடாமல் வேலையைத் தொடங்கினார்.

புதுக் கம்ப்யூட்டரும் படிக்கிற மாதிரி பைலை மாற்ற வேண்டும். எழுத்துகள்தான் தகராறு செய்தன. அவர் வைத்திருக்கிற பழைய தமிழ் எழுத்து புதுசில் இல்லை, போனால் குண்டக்கமண்டக்க என்று வரும் என்றார். அதனால் எழுத்தையெல்லாம் கோடாக மாற்றினார். இனி அது படம்தான், எழுத்து என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றார். பெட்டியில் இருந்த என் பெயர் ஒவ்வொரு வளைவாகக் கோடாகிக்கொண்டே வந்தது. எனக்கு எழுத்து எப்போதும் அப்படித்தான் தெரியும். அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

பென் டிரைவில் ஏறியது. மகள் அங்கேயே தன் லேப்டாப்பில் போட்டுத் திறந்தாள். வாத்து நின்றது. பெரிதாக்கினாள். கொடி சரி, மஞ்சள் சரி, அலை சரி. மேலே இருந்தது இடது பக்கம் பார்த்தது, கீழே இருந்தது வலது பக்கம் பார்த்தது. புதுப் பிராசசர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசல்வரை வந்தார். “உங்க வாத்து போற ஊரு எங்கன இருக்குக்கா?” என்று கேட்டார். சொன்னேன். “ரொம்ப தூரம்” என்றார். அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது.

புது அட்டை அடித்து வந்தது. கொட்டகையில் வேலை நிற்கவில்லை. லோடு போய்ச் சேர்ந்ததும் தம்பி கூப்பிட்டார்.

“எடுத்துக்கிட்டாங்கக்கா. வாத்து வந்துட்டுன்னு...”

“முழுப் பேரையும் சொல்லுங்க தம்பி.”

“கிறுக்கு வாத்து வந்துட்டுன்னு சொன்னதும், பெட்டியத் திருப்பிப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டாங்க.”

“சரி” என்றேன். அதற்குப் பிறகு அவர் எப்போது பேசினாலும் முழுப் பெயரையே சொல்கிறார். முதலில் காதுக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது இல்லை.

வேண்டாம் என்ற லோடு திரும்பி வந்தது. அதை இங்கேயே, கோவில்பட்டி, கடம்பூர், பசுவந்தனைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஆக, வாத்து நீந்துகிற ஊரில் தப்பான நிழல் விற்கிறது. வாத்தே இல்லாத ஊரில் சரியான நிழல் விற்கிறது. சிடியை மறுபடி சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். பொட்டை இப்போது எழுதியிருக்கிற பக்கம் வைக்கிறேன். பைலை மகள் இன்னும் நாலைந்து இடத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாதம் கடம்பூரில் போளி வாங்கக் கடையில் நின்றேன். கடைக்கார அண்ணாச்சி அடுப்பைப் பற்றவைக்க என் தீப்பெட்டியைத்தான் எடுத்தார். அவருக்கு என்னைத் தெரியாது. நான் கேட்டேன்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டியில வாத்தோட நிழலு சரியா விழுந்திருக்கா பாருங்க.”

பெட்டியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது வாத்தாம்மா? நான் கொக்குன்னுல்லா நெனச்சேன்” என்றார். குச்சியை உரசினார். ஒரே உரசலில் பிடித்துக்கொண்டது.